பூத்தொட்டி தடுப்பு ஆகாது

சட்டத்தை அக்கா எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்க அலுவலகத்தின் செங்குத்தான மரப்படிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வருவார். மூச்சு அடங்கும்வரை யாரோடும் பேச்சில்லை. அடங்கியதும் கைப்பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு மர ரூலரை எடுப்பார். அந்த வாரம் வந்திருக்கும் மசோதாவையோ அரசிதழையோ கவிழ்த்துப் போட்டு, கடைசித் தாளின் கடைசி வரிக்குக் கீழே ரூலரை வைப்பார். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, அட்டவணைகளைக் கடந்து, பிரிவுகளைக் கடந்து, அவர் தலைப்புக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். முப்பது வருடம் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பும் தட்டச்சும் பார்த்த எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. தலைப்பு, விளக்கக் குறிப்பு, அப்புறம் பிரிவுகள் என்று முன்னாலிருந்து படித்துப் பழகியவள் நான்.

"என்னக்கா, சாப்பாட்டப் பாயாசத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று முதல் நாள் கேலி செய்தேன்.

"கிராணியம்மா, எவனும் வாசல்ல கோலம்தான் போடுவான். குப்பைய பின்னாலதான் கொட்டுவான். நான் பின்வாசல் வழியா போறேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் கிராணியம்மா. அவர் எனக்கு மட்டுமல்ல, அந்தப் படியேறி வந்த எல்லாருக்குமே அக்கா.

எங்களுடையது சின்னச் சங்கம். ஓய்வு பெற்ற தீயணைப்புப் படையினரும், பணியில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களும், தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களும் சேர்ந்து வைத்துக்கொண்டது. என் கணவர் அந்தப் படையில் இருந்தவர். அவர் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நான் அங்கே போய்க் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அக்கா படையில் வண்டி ஏறியவர் அல்லர். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுத்தவர். ஆபத்து என்று அழைக்கிறவர்களின் குரலை முதலில் கேட்பவர்; எந்த நிலையத்திலிருந்து எந்த வண்டி போக வேண்டும் என்று சொல்பவர். பல வருடம் காதில் கருவியை மாட்டியதால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் பேசுவார். கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேட்டவருக்கு மறக்காது.

அவர் எங்கள் சங்கத்துக்கு வந்ததன் காரணம் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதை என்னிடம் அவர் முழுதாகச் சொன்னது ஒரு முறைதான். ஆனாலும் நானே அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டதுபோல் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கிள்ளானை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து அழைப்பு. தமிழ்ப் பெண். இரண்டு மாடி வரிசை வீடு. கீழே சமையலறையில் தீப்பிடித்து மாடிப்படி வரை வந்துவிட்டது. அவள் மேலே பின்னறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். நம் ஊர் வீடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்குப் பூட்டு, பூட்டின் சாவி கீழே குளிர்பெட்டிமேல். "ஈரத்துணிய கதவுக்கு அடியில வைம்மா, ஜன்னல்கிட்ட வா, வாய மூடிக்க, லைன வெக்காத" என்று அக்கா சொல்லிக்கொண்டே வண்டியை அனுப்பினார். நிலையம் அந்தத் தாமானின் பின்பக்கத்துக்கு மிகக் கிட்டே. சில நிமிடத்தில் வண்டியிலிருந்து ரேடியோவில் "சம்பாய்" என்று குரல் வந்தது. வந்து சேர்ந்தோம் என்று பொருள். "வந்துட்டாங்கம்மா, இதோ வந்துட்டாங்க" என்றார் அக்கா. அந்தப் பெண், "எங்கக்கா, எனக்குச் சத்தமே கேக்கலையே" என்றாள்.

எப்படிக் கேட்கும்? வண்டி நின்றது தாமானின் பின்சாலை முனையில். அங்கே சாலைக்குக் குறுக்கே சிமெண்டு நிரப்பிய எண்ணெய்த் தோங்குகள், இரும்புப் பீப்பாய்கள், வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் இரும்புக் கேட்டு, கேட்டில் சங்கிலி. திருட்டுப் பயத்தால் குடியிருப்பாளர் சங்கம் போட்டது. பொதுச் சாலைதான், ஆனால் போட்டுவிட்டார்கள். படையினர் சங்கிலியை வெட்டினார்கள்; தோங்கை நகர்த்த முடியவில்லை. வண்டியைத் திருப்பி, பெரிய சாலையைச் சுற்றி, முன்வாசலுக்குப் போனார்கள். அங்கே காவலுக்கு நின்ற ஜாகா, பாவம், நேபாளத்துப் பையன், வண்டி எண்ணைப் புத்தகத்தில் எழுதாமல் வழியை மறிக்கும் பலாங்குக் கம்பியைத் தூக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவன். எழுதினான். தீயணைப்பு வண்டியின் எண்ணை எழுதிவிட்டுத்தான் பலாங்கைத் தூக்கினான்.

அழைப்பு பதினொரு நிமிடம் நீடித்தது. அந்தப் பதினொரு நிமிடத்தில் அக்கா "வந்துட்டாங்க" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பக்கம் பதில் இல்லை.

விசாரணை நடந்தது. அதில் யார்மேலும் குற்றம் இல்லை. வண்டி வந்து சேர்ந்த நேரம் ரேடியோவில் பதிவாகியிருந்தது. "சம்பாய்" சொன்ன நேரத்தைப் பார்த்தால் மிக விரைவாக வந்திருக்கிறார்கள், பாராட்டலாம். குடியிருப்பாளர் சங்கம், திருடர்களிடமிருந்து மக்களைக் காத்தது. நகராண்மைக் கழகம், இதைப்பற்றித் தெளிவான விதி இல்லை என்றது. தாளில் பார்த்தால் அன்று எல்லாமே ஒழுங்காக நடந்திருக்கிறது. ஒரு பெண் செத்துப் போனது மட்டும்தான் ஒழுங்கில்லை.

பணி ஓய்வு பெற்ற அடுத்த வாரமே அக்கா எங்கள் படியேறி வந்தார். உட்கார்ந்து, மூச்சு அடங்கி, "எனக்கு ஒரு சட்டம் வேணும்" என்றார், கடையில் சாமான் கேட்கிறவரைப் போல. பொம்பா, அதாவது தீயணைப்புப் படை விஷயமென்றால் மத்திய அரசாங்கம்தானே, அதற்கு நாடாளுமன்றம்தானே போக வேண்டும் என்று நான் என் கிராணி அறிவைக் காட்டினேன். அக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "வண்டி மத்திய அரசாங்கத்தோடது. ரோடு யாரோடது? கேட்டுக்கு பெர்மிட் குடுக்கிறவன் யாரு? ரோட்டோரக் குழாயில தண்ணி விடுறவன் யாரு? வீட்டுப் பிளான அப்ரூவ் பண்றவன் யாரு? எல்லாம் இங்கதான், மாநிலத்துலதான் லா. பொம்பா வண்டி ஸ்டேஷன் கேட்ட விட்டு வெளிய வந்துட்டா, அப்புறம் அது ஓடுறது முழுக்க மாநிலச் சட்டத்து மேலதான்" என்றார். தீயணைப்பு வீரனின் மனைவியாக இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு இது அதுவரை தோன்றியதில்லை.

அப்படித்தான் எங்கள் திங்கட்கிழமைகள் ஆரம்பித்தன. மாநிலச் சட்டமன்றம் கூடும் நாட்களில் என்னென்ன மசோதா மேசைக்கு வருகிறது, எந்த நகராண்மைக் கழகத்தின் எந்தத் துணைச் சட்டத்துக்கு மாநிலம் ஒப்புதல் தருகிறது, அரசிதழில் எது ஏறுகிறது என்று தேடி எடுப்பது என் வேலை. படிப்பது அக்காவின் வேலை. சிவப்புக் கோப்பில் 'நமக்கு', பச்சைக் கோப்பில் 'நமக்கில்லை'. தீ என்ற சொல்லே இல்லாத சட்டங்கள்தான் பெரும்பாலும் சிவப்புக்குப் போகும். அங்காடிக்கடை போடும் இடம், சாலையோர வாகன நிறுத்தம், மழைநீர் வடிகாலின் மூடி, ஞாயிறு பாசார் சந்தைக்கு அடைக்கும் தெரு என்று எதை எடுத்தாலும், இதில் வண்டி நுழையுமா, குழாயைத் திறக்க முடியுமா, ஏணி சாய்க்க இடமிருக்குமா என்று அக்கா பார்ப்பார். பார்த்துவிட்டுக் கடிதம் சொல்வார், நான் தட்டுவேன். சட்டமன்ற உறுப்பினர்களான ஒய்பிகளுக்கு எழுதினோம். பதில் வராவிட்டால் அவர்களுடைய சேவை மையத்துக்குப் போய் உட்கார்ந்தோம். காப்பி கொடுத்து, படமெடுத்து, கதவுவரை வந்து வழியனுப்புவார்கள். படமெடுப்பதில் நம் தலைவர்களுக்கு இணை கிடையாது.

மூன்று வருடம் இழுத்த பிறகு ஒரு நகராண்மைக் கழகத்தின் துணைச் சட்டத்தில் ஒரே ஒரு வரி வந்தது. 'சாலையில் வைக்கப்படும் எந்தத் தடுப்பும், சாவியில்லாமல், ஓர் ஆள் கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.' அந்தக் கழகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றக் கழகங்கள் நிம்மதியாகத் தூங்கும். அரசிதழில் அந்த வரியைப் பார்த்த அன்று அக்கா ரூலரை அதன் கீழே வைத்தவாறே வெகுநேரம் இருந்தார். பிறகு, "வா, சாப்பிடலாம்" என்று என்னை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போய், இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் சிரித்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அந்தத் தாமானிலும் தோங்குகளை எடுத்தார்கள். பின்சாலையில் கையால் தூக்கும் கம்பி ஒன்று வந்தது. நாங்கள் இருவரும் போய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தோம், கோயில் மணியை ஆட்டிப் பார்க்கும் குழந்தைகளைப் போல.

இனி என் கதை. அடுத்த ஆண்டு அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் படியேறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீயே படி கிராணியம்மா, பின்னால இருந்து படி" என்று தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார். சரிக்கா, சரிக்கா என்றேன். ஆனால் முப்பது வருடப் பழக்கம் விடுமா? அதோடு எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. சட்ட அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவளுக்குத் தொலைபேசி எடுத்தவர் படிக்கச் சொல்லித் தருவதா என்று. மனசுக்குள்தான், ஆனால் இருந்தது. மூன்றாவது வாரம் அதே கழகத்திலிருந்து ஒரு வரைவு வந்தது. தலைப்பு, நில அழகுபடுத்தலும் தூய்மையும். விளக்கக் குறிப்பில் புல்வெளி, நிழல் மரம், செடிப்படுகை, நகரத்தைப் பூங்காவாக்கும் கனவு. நான் இரண்டு பக்கம் படித்தேன். மரம் நடுகிறார்கள், நடட்டும் என்று பச்சைக் கோப்பில் போட்டுவிட்டு, தேநீர் கலக்கப் போய்விட்டேன். பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கெடு போட்டிருந்தார்கள். அதையும் நான் குறித்து வைக்கவில்லை.

ஏழாவது வாரம் அக்கா ஊன்றுகோலோடு படியேறி வந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்டது பச்சைக் கோப்பைத்தான். சிவப்பை நான் சரியாகச் செய்திருப்பேன் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. கடைசித் தாளிலிருந்து ஏறிக்கொண்டே வந்த ரூலர், இரண்டாம் அட்டவணையில் நின்றது. அதில் ஒரு வரி. 'சாலை முனையில் நிலையாக வைக்கப்படும் பூத்தொட்டியும் செடிப்படுகையும் தடுப்பு ஆகா.'

அவ்வளவுதான். மூன்று வருடப் பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தோங்கில் சிமெண்டு இருந்தால் தடுப்பு. மண்ணைப் போட்டுக் காகிதப்பூச் செடியை நட்டால் தடுப்பு இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வோம். இவர்கள் மறைக்கக்கூட இல்லை, அட்டவணையில் வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். பார்க்காமல் சாப்பிட்டவள் நான். கெடு முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கெடுத் தேதியைப் பார்த்தார், சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார், "கடுதாசி எழுது" என்றார். 'எங்கள் சங்கம் உரிய நேரத்தில் கவனிக்கத் தவறியது' என்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'எங்கள் சங்கம்' என்ற இடத்தில் என் விரல் நின்றது. அவர் கவனித்தார். "தட்டு" என்றார். நானும் தட்டிவிட்டேன். என் பெயர் வர வேண்டிய இடத்தில் சங்கம் என்று போட்டு என்னை ஒளித்துவைத்தார். நானும் சுகமாக ஒளிந்துகொண்டேன். இதில் என் கோபம் முழுவதும் நகராண்மைக் கழகத்தின் மேல்தான் என்று நான் சொன்னால், அதுவும் ஒரு பூத்தொட்டி வேலைதான்.

கெடு முடிந்த கடிதத்துக்கு என்ன மரியாதை? கிணற்றில் போட்ட கல்தான். துணைச் சட்டம் அரசிதழில் ஏறியது. ஏறிய மாதமே அந்தத் தாமானின் பின்சாலையில் கையால் தூக்கும் கம்பி போய், அதே இடத்தில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள் வந்தன. இளஞ்சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு என்று காகிதப்பூக்கள். பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

அந்த வட்டாரத்து ஒய்பியை விடாமல் துரத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இடத்துக்கே வரவழைத்தார் அக்கா. ஒய்பி உதவியாளரோடும் படமெடுப்பவரோடும் வந்தார். உதவியாளர் நல்ல பையன், பங்சாரில் படித்து வளர்ந்த மிடுக்கு. "ஆன்டி, இது பூத்தொட்டி மட்டும்தான் லா. ஏரியா நீட்டா இருக்கு. இங்க உள்ளவங்களே கையெழுத்துப் போட்டுக் கேட்டது. நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க?" என்றான்.

"நீட்டாத்தான் இருக்கு தம்பி. நகத்திக் காட்டு" என்றார் அக்கா.

அவன் சிரித்துக்கொண்டே ஒரு தொட்டியில் கைவைத்துத் தள்ளினான். அசையவில்லை. ஒய்பியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். படமெடுப்பவர் படமெடுத்தார். காவலுக்கு நின்ற ஜாகாவும் கூட வந்து தள்ளினான். மூவரும் தள்ளியும் அசையாதபோது எல்லாரும் சிரித்தார்கள்; ஏதோ திருவிழாவில் வழுக்குமரம் ஏறித் தோற்றவர்களைப் போல. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு அடங்கியது. ஒய்பி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஒய்பி தொலைபேசியைப் பார்த்தார், உதவியாளன் காரைப் பார்த்தான். "என்னாச்சு ஆன்டி, எதுக்கு வெயிட் பண்றோம்?" என்றான்.

"இப்பத்தான் நாலு நிமிஷம் ஆச்சு" என்றார் அக்கா. "இன்னும் ஏழு நிமிஷம் நில்லுங்க. அவளும் நின்னா."

ஒய்பிக்கு விஷயம் புரிந்தது, முகம் மாறியது. நிஜமாகவே மாறியது, நான் பார்த்தேன். "நான் கண்டிப்பா இத எடுத்துப் பேசுறேன்க்கா" என்றார். ஆனால் ஏழு நிமிடம் நிற்கவில்லை. அவருக்கு அடுத்து ஒரு காதணி விழா இருந்தது. எடுத்துப் பேசினாரா என்று தெரிந்துகொள்ள அடுத்த இரண்டு கூட்டத்தொடரின் அலுவல் பட்டியலையும் நாங்கள் வரிவரியாகப் பார்த்தோம். இரண்டிலும் அந்தப் பேச்சே இல்லை.

கடைசியில் அக்கா இறந்த பெண்ணின் கணவரைத் தேடிப் போனார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்தோடு ஒரு மனு போனால் அதை மதிப்பார்கள் என்று ஓர் ஆசை. அவர் அந்த வீட்டை விட்டுவிட்டு சுபாங் ஜெயாவில் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. கேட்டுக்கு வெளியே நின்று அக்கா தான் யார் என்று சொன்னார். "அன்னைக்கு போன் எடுத்தது நான்தான்" என்றார். அந்த மனிதர் எங்களை வெறித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது அக்கா, "கோவம் இருக்கும்ல. வந்துட்டாங்கன்னு சொன்னது நான்தானே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வருடம்தான் இருந்தார். இதயம். கிள்ளான் தேவாலயத்தில் அடக்கப் பூசை நடந்தபோது, அவருடைய குரலை ரேடியோவில் மட்டுமே கேட்டிருந்த பழைய படைவீரர்கள் பலர் வந்து அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தார்கள். ஒய்பி மலர் வளையம் அனுப்பியிருந்தார். அதில் அவருடைய பெயர் அக்காவின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமைகளை நான் விடவில்லை. இப்போது நான்தான் கடைசித் தாளிலிருந்து படிக்கிறேன். கண் வலிக்கிறது, மெதுவாகத்தான் போகிறது. சென்ற வருடம் அந்தக் கழகம் தன் துணைச் சட்டங்களைத் திருத்தப் போவதாகவும், பொதுமக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடத்துவதாகவும் அறிவிப்பு வந்தது. கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றே பேசுவதற்குப் பெயர் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். பழைய கடிதத்தைத் தேடி எடுத்து அதன் நகலில் எங்கள் சங்கம் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொண்டு போனேன்.

குளிரூட்டிய மண்டபம். நீலத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். முன்வரிசையில் குடியிருப்பாளர் சங்கத் தலைவர்கள், தங்கள் தாமானுக்கும் தொட்டி கேட்டு வந்தவர்கள். நான் எழுந்து, தேசிய மொழியில்தான் பேசினேன். தமிழில் பேசியிருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். அந்தப் பதினொரு நிமிடத்தைச் சொன்னேன். மூன்று வருடம் போராடி வாங்கிய வரியைச் சொன்னேன். அதைச் செல்லாக்காசாக்கிய வரைவு என் கையில்தான் வந்தது, தலைப்பைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தது நான்தான், சங்கம் அல்ல, அக்காவும் அல்ல என்று சொன்னேன். "நான் படிக்காமல் விட்டேன். நீங்கள் படித்துவிட்டே கையெழுத்துப் போட்டீர்கள். இந்த அறையில் வேறு யாராவது தன் தவறைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். மேசையில் ஒருவர் தண்ணீர் குடித்தார். நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. முடி முழுக்க வெளுத்திருந்தது. சுபாங் ஜெயாவில் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அந்தக் கணவர்தான். பேசுவதற்குப் பெயர் கொடுக்கவில்லை, உட்காருங்கள் என்றார்கள். அவர் உட்காரவில்லை. நாலைந்து வாக்கியம்தான் பேசினார். பின்சாலையில் தோங்கு வைப்பதற்கான ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் தானும் ஒருவன். அந்தத் தாளை வீடு வீடாகக் கொண்டுபோனதே தான்தான். பக்கத்து வீட்டில் திருடன் வந்த பிறகு, வேலைக்குப் போனால் வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாளே என்ற பயத்தில் செய்தது என்றார். "அவளுக்காகத்தான் அடைத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒரு தலைவர் தன் கையிலிருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். போதும், இது எங்கேயோ போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

வெளியே வந்து அவரிடம் போனேன். "அந்த அக்கா வரலையா ஆன்டி?" என்று கேட்டார். அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல ஆன்டி. கடைசி வரைக்கும் அவகூடப் பேசிக்கிட்டு இருந்தது அவங்கதான். அவங்க மூஞ்சியப் பாக்க எனக்குத்தான் தெம்பில்ல. அத அவங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஆறு வாரம் கழித்து வந்தது. கடைசித் தாளிலிருந்து ஏறினேன். சாலை முனைகளில் செடிப்படுகை வைக்க இன்னும் சில தாமான்களுக்கு ஒப்புதல். துணைச் சட்டத்தில் அந்த வரி அப்படியே தொடரும். நாங்கள் இருவரும் பேசியதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்.

'பொதுமக்களில் இருவர் தங்கள் சொந்த விஷயத்தைப் பகிர்ந்துகொண்டனர். குறித்துக்கொள்ளப்பட்டது.'